நடுவிலிருந்து விரியும் போர்வை



எங்கள் வீட்டு வானொலிப் பெட்டியின் தலையில் ஒரு வெள்ளை நூற்பின்னல் விரித்திருக்கும். வட்டமானது. நடுவில் ஒரு சிறு துளை. அதைச் சுற்றிப் பூவிதழ்கள். ஓரத்தில் மெல்லிய அலை. தூசி படாமல் இருப்பதற்கென்று அம்மா சொல்லுவா. தொண்ணூறுகளின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, பற்றறியும் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, தைனமோவில் வந்த மின்னைக் கொடுத்துத்தான் பெட்டியைப் பேசவைத்தோம். அப்போதும் அந்தப் பின்னல் அதன் தலையை விட்டு இறங்கவில்லை. நான் கேட்ட முதல் இலக்கிய நிகழ்ச்சி அந்த வெள்ளை வட்டத்தின் கீழிருந்தே வந்தது. ஆகவே இத்தொடரில் பின்னலைப் பற்றிப் பேசுவதை நேயர்கள் பொருத்தமற்றதென்று கொள்ளமாட்டீர்கள் என நம்புகிறேன்.

அம்மாவின் வட்டத்துக்கு மேலைநாடுகளில், சிறப்பாக ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும், பெரிய உறவு ஒன்று உண்டு. அதற்கு 'ஆப்கான்' என்று பெயர். சாய்கதிரையின் முதுகிலோ கட்டிலின் காற்பக்கத்திலோ மடித்துப் போடும் கம்பளிப் போர்வை அது. கொளுக்கி ஊசி ஒன்றினால் பின்னப்படுவது. நீளவாட்டில் வரிசை வரிசையாகப் பின்னுவதும் உண்டு. எனினும் அழகுக்கெனச் செய்யப்படுபவற்றுட் பல நடுவில் தொடங்கி வெளிநோக்கி வளர்பவை. இந்தப் போர்வையின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது, நான் சிறுவனாக இருந்தபோது செய்த தவறொன்று நினைவுக்கு வந்தது. அதனை இறுதியிற் சொல்கிறேன்.

முதலிற் செய்முறையைப் பார்ப்போம். நூலில் ஒரு சுருக்குப் போட்டு, நாலைந்து சங்கிலிக் கண்ணிகள் கோத்து, இரு முனைகளையும் இணைத்தால் ஒரு சிறு வளையம் கிடைக்கும். அதுவே நடு. சங்கிலிக் கண்ணியை எங்கள் பக்கத்துப் பெண்கள் 'செயின்' என்பர். ஊசியில் நூலை ஒருமுறை சுற்றிக்கொண்டு போடும் உயரமான கண்ணியை 'றெபிள்' என்பர். வளையத்துக்குள் மும்மூன்று றெபிள்களாக நாலு கொத்துகள் போட்டு, கொத்துகளுக்கிடையே சில செயின்கள் விட்டால் முதற் சுற்று முடிந்துவிடும். அந்த நாலு இடைவெளிகளும் சதுரத்தின் நாலு மூலைகள். இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு மூலைக்குள்ளும் இரண்டு கொத்துகள். மூன்றாம் சுற்றில் மூலைகளில் இரண்டிரண்டும் பக்கங்களில் ஒவ்வொன்றும். இவ்வாறு சுற்றுக்குச் சுற்று 12 றெபிள்கள் கூடிக்கொண்டே போகும். முதற் சுற்றில் 12. பத்தாம் சுற்றில் 120. ஐம்பதாம் சுற்றில் 600. ஐம்பது சுற்றுகளையும் கூட்டினால் 15,300 வரும். கட்டிலை மூடும் ஒரு பெரிய சதுரத்தின் கடைசிச் சுற்று ஒன்றே முதல் ஒன்பது சுற்றுகளையும் சேர்த்ததிலும் அதிகமான வேலையைக் கேட்கும்.

வட்டமாகப் பின்னினாலும் கணக்கு ஏறத்தாழ இதுவே. ஒரு சுற்றுப் போடும்போது ஆரம் ஒரு றெபிளின் உயரத்தாற் கூடுகிறது; சுற்றளவு அதன் ஆறேகால் மடங்கு கூடவேண்டும். றெபிள் தன் அகலத்தைப் போல் ஏறத்தாழ இருமடங்கு உயரமானது. ஆகவே சுற்றுக்குப் பன்னிரண்டு கண்ணி கூட்டினாற் பின்னல் தட்டையாகக் கிடக்கும். குறைத்தாற் கிண்ணம்போற் குழியும். மிஞ்சினால் சேவற்கொண்டைபோல் நெளியும். கேத்திரகணிதப் புத்தகத்தைத் தொட்டறியாத பெண்கள் இந்தக் கணக்கை விரல் நுனியில் வைத்திருந்தார்கள்.

இன்னுமோர் இயல்பையும் கவனிக்கவேண்டும். இரண்டு ஊசிகளாற் பின்னும்போது ஒரு வரிசைக் கண்ணிகள் முழுவதும் ஊசியிலே காத்திருக்கும். கொளுக்கி ஊசியிலோ ஒரேயொரு கண்ணி. அடுப்பிற் பால் பொங்கினால், பிள்ளை அழுதால், அப்படியே வைத்துவிட்டு எழும்பலாம். திரும்பி வந்து விட்ட இடத்திற் தொடங்கலாம். வீட்டு வேலைகளுக்கு இடையே செய்யத்தக்கதாக இருந்தமையே இக்கலையின் பலம். அதுவே அதன் சாபமாகவும் ஆயிற்று என்பதைப் பின்னர் காண்போம்.

இக்கலை மிகப் பழமையானது என்று பலரும் எண்ணுவர். கிடைக்கும் சான்றுகள் அவ்வாறு கூறவில்லை. 'குரோசே' என்பது சிறு கொளுக்கி எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல். பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிற் 'தம்பூர்' என்றொரு தையல் பரவியிருந்தது. கீழைத்தேசங்களிலிருந்து அங்கு சென்றது அது. மேளத்தோல்போற் சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியிற் கொளுக்கி ஊசியாற் சங்கிலித் தையல் போடுவார்கள். துணியை நீக்கிவிட்டு, அந்தச் சங்கிலிகளையே ஒன்றோடொன்று கோத்தபோது குரோசே பிறந்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. நெதர்லாந்தில் வெளிவந்த 'பெனலொப்பே' என்ற பெண்கள் சஞ்சிகை 1823இல் அச்சிட்ட மாதிரிகளே அச்சில் வந்தவற்றுள் முற்பட்டவையாகக் கருதப்படுகின்றன. 1840களில் எலெனோர் றீகோ டி லா பிராஞ்சார்டியர் என்ற பெண்மணி இலண்டனிலிருந்து மாதிரி நூல்களை ஒன்றன்பின் ஒன்றாக வெளியிட்டார். எனவே நாம் பேசுவது இருநூறு ஆண்டுக்காலக் கதை.

அந்தக் கதையின் முதற் சுற்றிலேயே பசி இருக்கிறது. 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. 1852 வரை நீடித்த பஞ்சத்திற் பத்து இலட்சம் பேரளவில் மாண்டனர். அதற்குக் குறையாத தொகையினர் கப்பலேறினர். அக்காலத்திற் கன்னியர் மடங்களும் மதகுருமாரின் மனைவியரும் ஏழைப் பெண்களுக்குக் குரோசேயைக் கற்பித்தார்கள். மொனகன் மாவட்டத்தைச் சேர்ந்த குளோன்ஸ் என்ற ஊரிற் கசன்ட்றா ஹான்ட் என்ற மதகுருவின் மனைவி 1847இல் இதனைத் தொடக்கிவைத்தார். இத்தாலிய, பிரெஞ்சு றேந்தைகளை நெய்யப் பல மாதங்கள் எடுக்கும். கொளுக்கி ஊசியால் அவற்றின் சாயலை விரைவாகக் கொண்டுவர முடிந்தது. றோசாப் பூ, இலை என்று தனித்தனியே பின்னி ஒன்றாக இணைப்பார்கள். அந்த றோசாப் பூவும் ஒரு சிறு வளையத்திற் தொடங்கி, அடுக்கடுக்காக இதழ் விட்டு வெளியே விரிவதுதான். அதை அணிந்தவர்கள் செல்வச் சீமாட்டிகள். பின்னியவர்கள் வாடகைக்கும் மாவுக்கும் பணம் தேடியவர்கள்.

இனிப் போர்வையின் பெயருக்கு வருவோம். 'ஆப்கான்' என்ற பெயரைக் கேட்டு இது காபூலிற் பிறந்த கைவினை என்று எண்ணிவிடக் கூடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்நாட்டுச் சால்வைகளும் விரிப்புகளும் ஆங்கிலேயரின் பேச்சில் இடம்பெறத் தொடங்கின. 1839 முதல் 1842 வரை நடந்த முதலாவது ஆங்கில-ஆப்கானியப் போர் அப்பெயரை வீட்டுக்கு வீடு கொண்டுசென்றது. வண்ணக் கம்பளிச் சால்வைக்கு வழங்கிய பெயர், காலப்போக்கில் அமெரிக்க வீடுகளிற் பின்னிய கம்பளிப் போர்வைக்கு ஒட்டிக்கொண்டது. பெயர் பயணம் செய்தது. அதைச் சுமந்த மக்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். சொற்களின் வரலாற்றில் இது புதிதன்று. நாம் 'றேந்தை' என்கிறோமே, அது போர்த்துக்கேயரின் 'றெண்டா'. காலி, வெலிகமப் பகுதிகளிற் சிறு மரக் கட்டைகளை உருட்டிப் பெண்கள் செய்யும் 'பீரளு' றேந்தையின் பெயரும் அக்கரையோரத்திற் போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற எச்சந்தான்.

போர்வைக்கு வண்ணம் வேண்டும். 1856இல் வில்லியம் பேர்க்கின் என்ற பதினெட்டு வயது மாணவர் கொயினா மருந்து செய்ய முயன்று, தற்செயலாக ஊதாச் சாயமொன்றைக் கண்டுபிடித்தார். அதன்பின் செயற்கைச் சாயங்கள் பெருகின; வண்ணக் கம்பளி நூல் சாதாரணக் குடும்பங்களுக்கும் எட்டியது. எட்டினாலும் வீணாக்க மனம் வருமா? மிஞ்சிய நூற்துண்டுகளைச் சேர்த்தார்கள். பழைய சட்டைகளை அவிழ்த்தார்கள். நடுவிலிருந்து பின்னும் சதுரத்துக்கு நீண்ட நூல் தேவையில்லை. ஒரு சுற்றுக்கு ஒரு துண்டு போதும். நடுச் சுற்றுக்குச் சில முழ நூல் கிடைத்தாலே ஒரு நிறம் உட்கார்ந்துவிடும். வெளிச் சுற்றுக்குக் கறுப்பு நூலை எடுத்தால், எந்த நிறத்துச் சதுரமும் மற்றதோடு பொருந்திவிடும்.

சிக்காகோவிலிருந்து வெளிவந்த 'பிறெய்றி பாமர்' என்ற உழவர் பத்திரிகை 1885இல் இந்தச் சதுரத்தின் செய்முறையை வெளியிட்டது. பரந்த புல்வெளி நிலத்தில் ஒன்றுக்கொன்று தொலைவிலிருந்த பண்ணை வீடுகளுக்குச் சென்ற பத்திரிகை அது. இங்கிலாந்தின் வெல்டன் நிறுவனம் 1897இல் இதனை ஒட்டுச் சதுரம் என அச்சிட்டது. பிற்காலத்தில் மக்கள் இதற்கு இட்ட பெயர் 'பாட்டி சதுரம்'. முதுமையில் கண் மங்கியவர்களும் விரலின் உணர்வைக்கொண்டே இதைப் பின்னிவிடலாம். ஆகவே பொருத்தமான பெயர்தான். 1930களின் பொருளாதார மந்தத்திற் கையிற் காசில்லாத அமெரிக்கக் குடும்பங்களில் இந்தப் பல்வண்ணப் போர்வைகள் குளிரை மறைத்தன. அறுபதுகளின் இறுதியிலும் எழுபதுகளிலும் அதே சதுரம் இளைஞர்களின் மேலாடையாக மாறி நாகரிகமாயிற்று. ஒரு தலைமுறையின் தட்டுப்பாடு மறுதலைமுறையின் அலங்காரம் ஆகிவிட்டது.

இவ்வளவு போர்வைகளைப் பின்னியவர்களின் பெயர்கள் எங்கே? இக்கேள்வி எழும்போதெல்லாம் எனக்கு விக்டோரியா மகாராணியின் சால்வைகள் நினைவுக்கு வரும். மகாராணிக்கும் குரோசே தெரியும். போவர் யுத்தம் நடந்த 1900ஆம் ஆண்டில், எண்பது வயதில், படைவீரருக்குப் பரிசளிப்பதற்காக எட்டுக் கழுத்துச் சால்வைகளைத் தம் கையாற் பின்னினார். ஒன்று கனடிய வீரர் றிச்சட் தொம்சனுக்குச் சென்று, இன்று ஒட்டாவாவிலுள்ள போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்னொன்று கன்பராவிலுள்ள அவுஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கிறது. எட்டுச் சால்வைகளும் எவரெவருக்குச் சென்றன என்பதைக் கண்டறிய ஆய்வாளர்கள் பெரிதும் முயன்றிருக்கிறார்கள். முதிய தாய் ஒருத்தியின் விரல்கள் செய்த வேலை என்ற அளவில் அது வணங்கத்தக்கது. ஆனால் அதே ஊசியைப் பிடித்த குளோன்ஸ் ஊர்ப் பெண்களின் வேலையில் எது எவருடையது என்று யார் தேடினார்கள்?

சிலவேளை அறிவுலகமும் இந்த விரல்களிடம் பாடம் கேட்டதுண்டு. இடவிரிவு மிகுந்துகொண்டே செல்லும் 'அதிபரவளைவுத் தளம்' என்றொரு கருத்து கணிதத்தில் உண்டு. நூறாண்டுக்கு மேலாக அறிஞர்கள் அதை மனத்திற் கண்டார்கள். கடதாசியில் ஒட்டிப் பார்த்தால் விரைவிற் கிழிந்துபோயிற்று. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்திற் கற்பித்த லற்வியக் கணிதவியலாளர் டைனா டைமினா, சிறுவயதிற் கற்ற குரோசேயை நினைத்தார். 1997இல் கண்ணிகளை ஒரே விகிதத்திற் கூட்டிக்கொண்டே பின்னினார். கையிற் பிடித்து மடித்துப் பார்க்கத்தக்க தளம் கிடைத்தது. கண்ணி மிஞ்சினால் நெளியும் என்று நம் பெண்கள் அவிழ்த்தெறிந்த அந்தப் 'பிழை'க்குள்தான் அது இருந்தது.

இனிச் சாபத்துக்கு வருவோம். இந்தியாவின் ஆந்திராவிற் கோதாவரி ஆற்றோரம் நர்சாபூர் என்ற ஊர் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கிறிஸ்தவ மதப் பணியாளர் அங்கு குரோசேயை அறிமுகம் செய்தனர். பின்னர் அது பெரும் ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. ஜேர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் அங்கு சென்று ஆராய்ந்து 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் கண்டது இது: பெண்கள் வீட்டு வேலை முழுவதையும் செய்துகொண்டு, நாள்தோறும் பல மணிநேரம் குனிந்திருந்து பின்னினார்கள். அவர்கள் பின்னியவை கடல் கடந்து மேலைநாட்டுச் சந்தைகளுக்குச் சென்றன. இலாபம் வணிகருக்குச் சென்றது. பெண்களுக்குக் கிடைத்ததோ மிகச் சொற்பக் கூலி. ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டால், அவர்கள் தொழிலாளர் அல்லர், வீட்டிலிருக்கும் பெண்கள், ஓய்வு நேரத்திற் பின்னுகிறார்கள் என்பதே விடை. வீட்டிலே செய்யக்கூடியது என்ற வசதியே, வேலை அன்று என்று சொல்லும் சாட்டாகிவிட்டது.

இன்றும் உண்மையான குரோசேப் பின்னலைத் தொழிற்சாலை இயந்திரங்கள் வணிக அளவிற் செய்வதில்லை. கடையிற் தொங்கும் ஒரு குரோசே மேற்சட்டையை மலிவாக வாங்கும்போது இயந்திரம் துப்பியது என்று நினைக்கிறோம். அது ஏதோவொரு நாட்டில் ஏதோவொரு பெண் கண்ணி கண்ணியாக இழுத்தது. விலை குறைவென்றால் குறைந்தது அவளுடைய கூலிதான்.

தமிழ் கற்பிப்பவன் என்ற முறையில் எனக்கு இங்கே ஒரு வெட்கம் உண்டு. நம் மொழியில் நூல் என்றால் இழையும் நூல்தான், புத்தகமும் நூல்தான். பதின்மூன்றாம் நூற்றாண்டிற் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரத்தில், நூல் செய்யும் புலவனை நூல் நூற்கும் பெண்ணுக்கு ஒப்பிடும் செய்யுள் வருகிறது. சொல் பஞ்சு, செய்யுள் இழை, வாய் கை, அறிவு கதிர், புலவன் அந்தப் பெண். சங்கப் பாடல்களிலும் துணையில்லாத பெண்கள் நூல் நூற்றுப் பிழைத்தமை பேசப்படுகிறது. இவற்றை ஆண்டுதோறும் உயர்தர வகுப்பில் விளக்குகிறேன். புலவனைப் பெண்ணோடு ஒப்பிட்டது அவனுக்குப் பெருமை என்று சொல்லிக் கரும்பலகையில் எழுதுகிறேன். ஆனால் என் வீட்டில் நூலெடுத்தவரை நான் என்ன செய்தேன்?

நான் சிறுவனாயிருந்தபோது பாடசாலையில் ஒரு படிவம் தந்தார்கள். 'தாயின் தொழில்' என்று ஒரு கோடு. 'வீட்டில் சும்மா இருக்கிறா' என்று எழுதினேன். அந்தக் காலத்தில் அப்பாவின் வருமானம் நின்றிருந்தது. இரவில் ஜாம் போத்தல் விளக்கின் முன் அம்மா பின்னுவா. கதிரை முதுகுக்கு, மேசைக்கு, கல்யாண வீட்டுத் தட்டத்துக்கு என்று அயலவர் கேட்டு வாங்குவார்கள். புது நூல் கிடைக்காதபோது பழையதை அவிழ்த்துக் கழுவி, பந்தாகச் சுற்றிப் பின்னுவா. என் கொப்பிகளும் காற்சட்டையும் அந்தப் பின்னலிலிருந்துதான் வந்தன. அதைத் தெரிந்துகொண்டேதான் 'சும்மா' என்று எழுதினேன். ஏனென்றால் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் எழுதினார்கள்.

படிவத்தில் ஒப்பமிடுவதற்காக அம்மா அதை வாசித்தா. கோபிக்கவில்லை. "எழுத்துப் பிழை இல்லைத்தானே தம்பி?" என்று மட்டும் கேட்டா. 'இல்லையம்மா' என்றேன். ஒப்பமிட்டுத் தந்துவிட்டு, ஊசியை எடுத்து விட்ட கண்ணியில் மாட்டினா.

எழுத்திற் பிழை இருக்கவில்லை. எழுதியதில் இருந்த பிழையை உணர எனக்குப் பட்டம் பெற்று, பயிற்சியும் பெற்று, வகுப்பாசிரியனாகி, நூற்றுக்கணக்கான மாணவர்களின் படிவங்களைத் திருத்தும் காலம் வரவேண்டியிருந்தது. அவர்களிலும் பலர் அந்தக் கோட்டில் 'இல்லை' என்றோ 'சும்மா' என்றோ எழுதித் தருகிறார்கள். இப்போதெல்லாம் நான் அதை வாங்குவதில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய், காலையிலிருந்து இரவு வரை அம்மா செய்பவற்றை அம்மாவிடமே கேட்டு எழுதி வா என்று திருப்பி அனுப்புகிறேன். மறுநாள் வரும் படிவங்களில் அந்தக் கோடு போதாமல் எழுத்து ஓரத்தில் ஏறிப் போயிருக்கும்.

நடுவிலிருந்து பின்னும் போர்வையிற் கடைசிச் சுற்றில் ஒரு பிழையைக் கண்டால் அச்சுற்றை மட்டும் அவிழ்த்தால் போதும். பிழை நடுவில் இருந்தால் எல்லாவற்றையும் அவிழ்க்கவேண்டும். வீட்டில் நடக்கும் வேலை வேலையன்று என்ற எண்ணத்தை நாம் பிள்ளைப் பருவத்திலேயே முதல் வளையமாகப் போட்டுவிடுகிறோம். கூலி, மதிப்பு, வரலாறு எல்லாம் அதைச் சுற்றியே பின்னப்படுகின்றன.

அம்மா காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. வானொலிப் பெட்டியும் பழுதாகிவிட்டது. அதன் தலையிலிருந்த வட்டம் என்னிடம் இருக்கிறது. இந்தப் பேச்சை எழுத உட்கார்ந்தபோது அதன் நடுச் சுற்றை எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டு கண்ணிகள். நேயர்களே, உங்கள் வீட்டு அலுமாரியிலும் இப்படி ஒரு பின்னல் மடித்துக் கிடக்கக்கூடும். வெளியே எடுங்கள். இதைப் பின்னியது யார் என்று வீட்டிலுள்ள மூத்தவர்களைக் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பெயரை ஒரு சிறு தாளில் எழுதி அதனோடு வைத்துவிடுங்கள். மகாராணியின் சால்வைகளுக்குக் கிடைத்த அந்த மரியாதை இதற்கும் கிடைக்கட்டும்.